ஏலத்தில் விழும் விலை

டில்லிக் கடைத்தெருவில் "நீலாம், நீலாம்" என்று கூவும் குரல் தமிழர் ஒருவர் காதில் விழுந்தால், அதை வேற்று மொழிச் சொல் என்றே அவர் எண்ணுவார். ஆனால் அவருடைய ஊர்ச் சந்தையில் ஒலிக்கும் "ஏலம்" என்ற சொல்லுக்கு அது உடன்பிறப்பு. தெலுங்கில் அது வேலம், மலையாளத்தில் லேலம், மராட்டியில் லிலாவ். இத்தனைக்கும் தாய் போர்த்துகீசியரின் "லெயிலாவ்" என்ற சொல். அதற்கும் மூலம், அறிவித்தல் என்று பொருள்படும் அராபியச் சொல் என்று மொழியறிஞர்கள் கூறுவர். வாசனைப் பண்டமான ஏலத்துக்கும் இதற்கும் உறவில்லை. ஆயினும் போடிநாயக்கனூரில் ஏலம் ஏலத்திலேயே விற்கப்படுவது தமிழின் அழகான விபத்துகளில் ஒன்று.

போர்த்துகீசியர் இச்சொல்லைக் கொணர்ந்தபோது வழக்கத்தையும் உடன் கொணர்ந்தார்கள். 1580-களில் கோவாவில் வாழ்ந்த லின்ஷோட்டன் என்னும் டச்சுக்காரர், அந்நகரின் பெரிய தெருவில் நாள்தோறும் காலையில் நடைபெற்ற ஏலத்தை விரிவாக எழுதி வைத்திருக்கிறார். குதிரைகள், நகைகள், துணிமணிகள், ஐயோ, அடிமைகளான மனிதர்களுங்கூட அங்கே கூவி விற்கப்பட்டனர். இறந்து போனவர்களின் உடைமைகளும் அங்கேதான் வந்து சேர்ந்தன. கடல் கடந்து வந்தவன் இறந்தால் அவனுடைய கட்டிலையும் பெட்டியையும் ஊருக்கு அனுப்புவதைக் காட்டிலும் பணமாக்கி அனுப்புவது எளிது. பழம்பொருள் ஏலம் நம் நாட்டில் வேரூன்றியதற்கு இது ஒரு முக்கிய காரணம் எனலாம். அயலூரில் குடியிருப்பவர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை. மாற்றல் உத்தரவு கையில் வந்தவுடன் மேசையையும் பீரோவையும் என்ன செய்வது என்ற கேள்வி முதலில் எழுவது நம்மைப் போன்றவர்கள் வீட்டில்தானே?

கடையில் ஒரு பொருளுக்கு விலை உண்டு. பேரம் பேசினாலும் அவ்விலையைச் சுற்றியே பேசுகிறோம். ஏலத்தில் அப்படிச் சுற்றி வருவதற்கு ஒரு தூண் கிடையாது. விலை பிறப்பதற்கு அங்கே குறைந்தது இருவர் வேண்டும். ஒரே ஒருவர் மட்டும் விரும்பினால் தங்கத் தட்டும் தகரத்தின் விலைக்குப் போகும். இருவர் விரும்பி, இருவரிடமும் பணம் இருந்து, இருவருக்கும் விட்டுக்கொடுக்கும் குணம் இல்லாமற் போனால், தகரத் தட்டுக்கும் எல்லை கிடையாது. "ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம்" என்று மும்முறை கூவுவதே, மற்றொருவர் வாய் திறப்பாரா என்று காத்திருப்பதற்காகத்தான்.

ஏலச்சீட்டுப் போட்ட அனுபவம் உள்ளவர்கள் இதை வேறு வகையில் அறிந்திருப்பார்கள். பெண்ணின் திருமணமோ, கல்லூரிச் சம்பளமோ நெருக்குகின்ற மாதத்தில் ஒருவர் பெருந்தொகையைத் தள்ளிக் கொடுத்துச் சீட்டை எடுக்கிறார். அடுத்த மாதம் அதே சீட்டு குறைந்த தள்ளுபடியில் போகிறது. சீட்டின் தொகை மாறவில்லை. எடுத்தவரின் அவசரம் மாறியது. விழுப்புரம் மாவட்டத்து ஒட்டனந்தல் முருகன் கோயிலில் வேலில் செருகிய எலுமிச்சம்பழங்களைப் பங்குனி உத்திர விழாவில் ஏலம் விடுகிறார்கள். 2024-ஆம் ஆண்டு ஒன்பது பழங்கள் சேர்ந்து இரண்டு லட்சம் ரூபாய்க்கு மேல் போயின. பிள்ளை வேண்டி நிற்கும் தம்பதியர் அங்கே கேட்கிறார்கள். அவர்களிடம் எலுமிச்சம்பழத்தின் சந்தை நிலவரத்தைப் பற்றி யார் பேச முடியும்?

பழம்பொருளின் விலையில் இவ்விதமான மனித விஷயங்கள் எவ்வளவு கலந்திருக்கின்றன என்பதைக் காட்ட, கல்கத்தாவில் நடந்த ஒரு வேடிக்கையைக் குறிப்பிடலாம். வாரன் ஹேஸ்டிங்ஸ் 1785-இல் இந்தியாவை விட்டுப் புறப்பட்டபோது அவருடைய தட்டுமுட்டுச் சாமான்கள் ஏலத்துக்குப் போயின. பிறகுதான் தெரிந்தது, கருமரத்தால் ஆன பழைய எழுத்து மேசை ஒன்றைக் காணவில்லை என்று. வீட்டிலிருந்து களவு போயிற்றா, அல்லது மற்றச் சாமான்களோடு தவறுதலாக ஏலம் போயிற்றா என்பது நிச்சயப்படவில்லை. அதனுள் இரண்டு சிறிய ஓவியங்களும், பத்திரங்களும், சொந்தக் காகிதங்களும் இருந்தன. 1787-இல் கல்கத்தா கெஜட்டில் அவருடைய நண்பர்கள் விளம்பரம் செய்தார்கள். கண்டுபிடித்துத் தருபவருக்கு 2,000 சிக்கா ரூபாய் வெகுமதி! ஏலத்தில்தான் போயிற்று என்றால், எடுத்தவருக்கு அது ஒரு பழைய மேசை. ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பால், விசாரணை மேகங்கள் சூழ்ந்து கொண்டிருந்த ஒரு மனிதருக்கோ, அதன் இழுப்பறைகளே பெரிது.

அக்காலத்துக் கல்கத்தாவில் ஏலம் ஒரு பொழுதுபோக்காகவும் இருந்தது. கப்பல் வந்தால் ஒரு கூட்டம், கப்பல் புறப்பட்டால் மற்றொரு கூட்டம், ஒருவர் இறந்தால் மூன்றாவது கூட்டம். இப்பரம்பரையின் கடைசிக் கொழுந்தாக ரஸ்ஸல் தெருவில் சில ஏல நிலையங்கள் இருபதாம் நூற்றாண்டில் செழித்தன. அவற்றுள் 1940-இல் தொடங்கிய ரஸ்ஸல் எக்ஸ்சேஞ்சின் ஞாயிற்றுக்கிழமை ஏலங்கள் பெயர் பெற்றவை. 1947-க்குப் பிறகு ஐரோப்பியர்கள் ஊர் திரும்பியபோது பியானோக்களும், நிலைக் கடிகாரங்களும், ஆளுயரக் கண்ணாடிகளும், பீங்கான் சாப்பாட்டுத் தட்டுகளும் இவ்வகை நிலையங்களில் வந்து குவிந்தன. விற்பவர்கள் பலர், அவசரமோ மிகுதி. வாங்குபவர்களுக்கு அது நல்ல காலம். பின்னர் வந்த தலைமுறையில் வேறொரு காரணம் குறுக்கிட்டது. வீடுகள் சிறுத்தன. அடுக்குமாடியின் மின்தூக்கியில் ஏறாத அலமாரி எவ்வளவு நல்ல தேக்கானாலும் யார் கேட்பார்? பொருளின் குணம் அப்படியே இருக்க, படிக்கட்டின் அகலம் விலையைத் தீர்மானித்தது.

இவையெல்லாம் சிறிய சங்கதிகள். இனி ஒரு பெரிய ஏலத்துக்கு வருவோம்.

1799-ஆம் ஆண்டு மே மாதம் 4-ஆம் நாள் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தது. திப்பு சுல்தான் போரில் மடிந்தார். அன்றிரவு படைவீரர்கள் நகரைச் சூறையாடினார்கள். மறுநாள் ஒழுங்கு ஏற்பட்டபின், கொள்ளைப் பொருளைக் கணக்கிட்டுப் பங்கிடும் அதிகாரிகள் வேலையைத் தொடங்கினார்கள். அவர்கள் முறை எளிமையானது: ஒவ்வொன்றையும் மதிப்பிடு, விற்பனை செய், பதவிக்குத் தக்கபடி பங்கு கொடு. தங்கத் தகடு போர்த்திய திப்புவின் சிங்காதனம் இம்முறைக்கு இடையூறாக இருந்தது. அவ்வளவு பெரிய பொருளை யாருக்கென்று பங்கு வைப்பது? உடைத்தார்கள். அதை முழுமையாகத் தம் அரசருக்கு அனுப்ப விரும்பிய கவர்னர் ஜெனரல் வெல்லெஸ்லி பிரபு செய்தி அறிந்து வருந்தினார். பீடத்தைத் தாங்கிய பெரிய புலித் தலையும், விதானத்தின் மேலிருந்த இரத்தினங்கள் இழைத்த ஹுமா பறவையும் தப்பிப் பிழைத்து இங்கிலாந்தின் அரச குடும்பச் சேகரிப்பைச் சேர்ந்தன. கைப்பிடிச் சுவரை அலங்கரித்த சிறிய புலித் தலைகள் நான்கு திசையிலும் சிதறின. அவற்றுள் ஒன்று அப்போது சென்னை கவர்னராக இருந்த கிளைவ் பிரபுவின் மனைவியிடம் போய்ச் சேர்ந்தது. அவர் பிளாசி கிளைவின் மருமகள்.

சிங்காதனத்தை உடைத்தவர்கள் தங்கத்தை எடை போட்டார்கள்; கற்களை எண்ணினார்கள். அவர்களைப் பொறுத்தவரை கணக்கு சரி. இருநூற்றுப் பத்து ஆண்டுகள் கழிந்தபின் 2009-இல் லண்டனில் அச்சிறு புலித் தலைகளுள் ஒன்று 3,89,600 பவுண்டுக்கு விலை போயிற்று. மறு ஆண்டு மற்றொன்று 4,34,400 பவுண்டுக்குப் போயிற்று. 2021-இல் வேறொரு தலை பிரிட்டனை விட்டு வெளியேறாதபடி அந்நாட்டு அரசாங்கம் தற்காலிகத் தடை விதித்தபோது அதற்கு மதிப்பிட்ட தொகை 15 லட்சம் பவுண்டு. ஒரு கைப்பிடிக்குள் அடங்கும் தலைக்கு இத்தொகை. முழுச் சிங்காதனம் இருந்திருந்தால்? அக்கேள்விக்கு விடை கூற எந்த ஏலதாரரும் துணியமாட்டார்.

திப்புவின் வாள்களின் கதை இன்னும் விசித்திரமானது. 2003-இல் லண்டனில் அவற்றுள் ஒன்றைத் தொழிலதிபர் விஜய் மல்லையா ஏறக்குறைய 1,75,000 பவுண்டு கொடுத்து வாங்கினார் என்பது மறு ஆண்டு வெளிவந்து பெருஞ்செய்தியாயிற்று. 2023-ஆம் ஆண்டு மே மாதம் அதே நகரில் திப்புவின் படுக்கை அறையில் இருந்த வாள் ஏலத்துக்கு வந்தது. மதிப்பு 15 லட்சத்திலிருந்து 20 லட்சம் பவுண்டு வரை என்று நிபுணர்கள் குறித்திருந்தார்கள். முடிவில் விழுந்த விலை 1,40,80,900 பவுண்டு; நிபுணர் சொன்னதற்கு ஏழு மடங்கு! அதே ஆண்டு அக்டோபரில் காரன்வாலிஸ் குடும்பத்தாரிடம் இருந்த திப்புவின் வாள் ஒன்று மற்றோர் ஏல நிலையத்தில் வந்தது. அதற்கும் அதே 15 லட்சத்திலிருந்து 20 லட்சம் பவுண்டு மதிப்பு. ஒருவரும் எடுக்கவில்லை. ஒரே அரசர், ஒரே நகரம், ஒரே ஆண்டு. இடையில் ஐந்து மாதங்கள்.

முதல் வாளுக்குப் பின்னால் ஒரு கதை இருந்தது உண்மையே. 1780-இல் காஞ்சிபுரத்துக்கு அருகே புள்ளலூரில் நடந்த போரில் சிறைப்பட்டு, ஸ்ரீரங்கப்பட்டணத்து இருட்டறையில் மூன்றரை ஆண்டு கிடந்தவர் டேவிட் பெயர்டு. அதே கோட்டையின் மதிற்சுவர்மீது 1799-இல் முதற்படையை நடத்தி ஏறியவரும் அவரே. படையினர் அவருக்குப் பரிசளித்த வாள் அது. இத்தகைய கதை விலையை ஏற்றும் என்பதில் ஐயமில்லை. ஆனால் கதை மட்டும் ஏழு மடங்கு ஏற்றிவிடாது. மே மாதத்தில் ஒருவருக்கொருவர் விடாமல் போட்டியிட்டவர்கள் இருந்தார்கள், அக்டோபரில் இல்லை. எஞ்சியதெல்லாம் பிறகு கற்பிக்கப்படும் காரணங்கள்.

இவ்விடத்தில் ஏலத்தின் உள்வேலைகளைச் சிறிது விளக்குவது தகும். பெரிய நிலையங்களில் பட்டியலில் அச்சிடும் மதிப்பு ஒன்று. அதற்குக் கீழே போனால் விற்பதில்லை என்று விற்பவரும் நிலையத்தாரும் இரகசியமாக வைத்துக்கொள்ளும் அடித்தொகை மற்றொன்று. மதிப்பைக் குறைத்து அச்சிட்டால் கூட்டம் கூடும். கூடிய கூட்டம் விலையை ஏற்றும். மிகுத்து அச்சிட்டால் கூட்டம் தயங்கும். தயக்கத்தில் பொருள் விலை போகாது. ஒருமுறை விலை போகாத பொருளுக்கு, முகூர்த்தம் தவறிய வரனைப் போல, அடுத்த முறை சந்தேகக் கண்கள் மிகுதி. வியாபாரிகள் தமக்குள் கூடிப் பேசி ஒருவருக்கு எதிராக மற்றவர் கேட்பதில்லை என்று முடிவு செய்துகொண்டு, மலிவாக எடுத்தபின் தேநீர்க் கடையில் தங்களுக்குள் இரண்டாம் ஏலம் நடத்துவதும் உண்டு. பிரிட்டனில் இதைக் குற்றமாக்க 1927-இல் தனிச் சட்டமே இயற்ற வேண்டியதாயிற்று. எதிர்ப்புறத்தில், விற்பவரே தம் ஆளை நிறுத்திப் பொய்யாகக் கேட்கச் செய்வதும் உண்டு. நம் நாட்டில் 1930-ஆம் ஆண்டுச் சரக்கு விற்பனைச் சட்டத்தின் 64-ஆம் பிரிவு, இவ்வாறு விலையை ஏற்றினால் வாங்கியவர் விற்பனையை மறுக்கலாம் என்கிறது. சுத்தியல் விழும் வரை கேட்டவர் தம் கேள்வியைத் திரும்பப் பெறலாம் என்பதும் அதே பிரிவில் உள்ளது. நம்மவர் பலர் இதை அறியார்.

நேர்மையாக நடக்கும் ஏலத்திலும் ஒரு கண்ணி உண்டு. பத்துப் பேர் ஒரு பெட்டியை வெளியிலிருந்து பார்த்து உள்ளே இருப்பதை ஊகிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். சிலர் குறைத்து ஊகிப்பர். சிலர் மிகுத்து ஊகிப்பர். பெட்டி கிடைப்பதோ எல்லாரினும் மிகுத்து ஊகித்தவருக்கு! ஆகவே ஜயித்தவரே பெரும்பாலும் அதிகம் கொடுத்தவராக இருப்பார். அமெரிக்க எண்ணெய்க் கம்பெனியைச் சேர்ந்த பொறியாளர் மூவர், எண்ணெய் நிலங்களின் ஏலத்தை ஆராய்ந்து 1971-இல் இதை எழுதினார்கள். இதற்கு "வென்றவனின் சாபம்" என்று பெயர் ஏற்பட்டது. பழைய கடிகாரம் வாங்கப் போகிறவருக்கும் அந்தச் சாபம் பொருந்தும்.

பணத்தையே பெரிதாக எண்ணாத ஒருவரின் உடைமைகள் ஏலத்தில் பட்ட பாடு தனி அத்தியாயம். 2009-ஆம் ஆண்டு மார்ச்சு 5-ஆம் நாள் நியூயார்க்கில் காந்தியடிகளின் மூக்குக்கண்ணாடி, செருப்பு, சட்டைப்பைக் கடிகாரம், சாப்பிட்ட கிண்ணம், தட்டு ஆகியவை ஏலத்துக்கு வந்தன. மதிப்பு 20,000 முதல் 30,000 டாலர். டில்லி உயர் நீதிமன்றம் தடை கூறியது; இந்திய அரசாங்கம் ஆட்சேபித்தது; விற்க வந்தவரே கடைசி நேரத்தில் பின்வாங்க முயன்றார். இத்தனையும் செய்தித்தாள்களில் நாள்தோறும் வந்தன. ஏலதாரருக்கு இதைவிடச் சிறந்த விளம்பரம் வேறு என்ன வேண்டும்? 18 லட்சம் டாலருக்கு மல்லையாவே எடுத்தார். எதிர்ப்பும் ஒரு வகையில் விலை கேட்பதுதான் என்று அன்று தோன்றியது. 2020-இல் இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரத்து ஏல நிலையம் ஒன்றின் தபால் பெட்டியில், சாதாரண உறையில், வார விடுமுறையன்று யாரோ ஒரு ஜோடிக் கண்ணாடியைப் போட்டுவிட்டுப் போயிருந்தார். தென்னாப்பிரிக்காவில் தம் உறவினர் ஒருவருக்குக் காந்தியடிகள் அளித்தது என்று குடும்பத்தில் சொல்லி வந்த கண்ணாடி. நிலையத்தார் 10,000 முதல் 15,000 பவுண்டு வரை போகலாம் என்றபோது உரிமையாளர் திகைத்துப் போனாராம். ஆகஸ்டு 21-ஆம் நாள் அது 2,60,000 பவுண்டுக்குப் போயிற்று. இவற்றுக்கு இடையே 2013-இல், காந்தியடிகளின் இரத்தத் துளி என்று கண்ணாடிச் சில்லில் வைத்து ஒன்றை இங்கிலாந்தில் ஏலத்துக்குக் கொண்டுவந்தார்கள். அது விலை போகவில்லை. ஏலக் கூடத்திலும் சில சமயம் நல்ல புத்தி நிலவுகிறது.

இதுவரை கூறியவை போரில் கவர்ந்தவை, அல்லது தனி மனிதரின் உடைமைகள். நம்முடைய சொந்த அரசாங்க அலுவலகங்களிலிருந்து, நாமே முத்திரையிட்டு, நாமே கையெழுத்திட்டு அனுப்பிய பொருள்களின் கதையை இனிச் சொல்லவேண்டும்.

நாடு பிரிந்தபோது பஞ்சாப் தன் தலைநகரான லாகூரை இழந்தது. புதிய தலைநகராகச் சண்டிகரை அமைக்க 1950-களின் தொடக்கத்தில் லெ கொர்பூசியே அழைக்கப்பட்டார். அவர் ஆண்டுக்கு இரு முறை வந்து போவார். அங்கேயே தங்கி, வெயிலிலும் புழுதியிலும் நின்று வேலை வாங்கியவர் அவருடைய உறவினர் பியேர் ழானரே. 1965 வரை அவர் சண்டிகரிலேயே வாழ்ந்தார். 1967-இல் ஜினீவாவில் இறந்தபின் அவருடைய அஸ்தி சண்டிகர் சுக்னா ஏரியில் கரைக்கப்பட்டது. நகரம் முழுவதற்கும் நாற்காலி, மேசை, பெஞ்சு, அலமாரி தேவைப்பட்டன. பணம் குறைவு, மரம் இருந்தது, தச்சர்கள் இருந்தார்கள். ழானரேயும் அவருடன் பணிபுரிந்த இந்தியக் கட்டடக் கலைஞர்களும் மிக எளிய வடிவங்களை வரைந்தார்கள். தேக்கு மரச் சட்டம், கவிழ்த்த "வி" எழுத்தைப் போன்ற கால்கள், பிரம்பு பின்னிய இருக்கையும் முதுகும். உள்ளூர்ப் பட்டறைகள் பலவற்றில் ஆயிரக்கணக்கில் செய்தமையால் ஒன்றைப் போல் ஒன்று முழுதும் இராது. தலைமைச் செயலகத்திலும், உயர் நீதிமன்றத்திலும், பல்கலைக்கழகத்திலும் குமாஸ்தா முதல் நீதிபதி வரை அவற்றில் அமர்ந்தார்கள். ஒவ்வொன்றின் முதுகிலும் இலாகாவின் பெயரெழுத்தும் எண்ணும் வண்ணத்தால் எழுதப்பட்டன.

முப்பது நாற்பது ஆண்டுகளில் பிரம்பு அறுந்தது, கால்கள் ஆடின. எஃகு நாற்காலிகளும் மெத்தை வைத்த சுழல் நாற்காலிகளும் வந்தன. பழையவை மொட்டை மாடிகளிலும் கொல்லைப் புறங்களிலும் மலையாகக் குவிந்து மழையில் நனைந்தன. பிறகு என்ன நடக்கும் என்பது அலுவலக அனுபவம் உள்ளவர்களுக்குத் தெரியும். ஒரு குழு வந்து பார்க்கும். வாங்கிய விலையிலிருந்து ஆண்டுதோறும் தேய்மானம் கழித்து, ஏட்டில் பூஜ்யத்தை ஒட்டிய தொகை நிற்கும். "கண்டம்" என்று எழுதப்படும். அந்தச் சொல் கன்னியாகுமரி முதல் காஷ்மீர் வரை எல்லாக் குமாஸ்தாக்களுக்கும் பொதுச் சொல். அதன்பின் ஏல அறிவிப்பு வெளிவரும். இவ்வகை அறிவிப்புகள் பலவற்றைத் தமிழாக்கும் பணி இக்கட்டுரையாளனுக்கு வாய்த்ததுண்டு. "உள்ளது உள்ளபடியே, உள்ள இடத்திலேயே" என்ற வாசகம் ஒவ்வொன்றிலும் தவறாது வரும். சொற்கள் என்னவோ வேதாந்தம் போல ஒலிக்கும். பொருள் இவ்வளவுதான்: எடுத்துக்கொண்டு போ, பிறகு எங்களை ஒன்றும் கேட்காதே.

சண்டிகர் ஏலங்களில் கேட்க வந்தவர்கள் பெரும்பாலும் பழைய மரம் வாங்கும் கபாடிக்காரர்கள். விறகின் விலையையே அவர்கள் நினைத்தார்கள். அதற்குத் தக்கபடியே நாற்காலிகள் போயின. 1990-களின் இறுதியில் பாரிசிலிருந்து பழம்பொருள் வியாபாரிகள் சிலர் வந்து சேர்ந்தார்கள். அவர்கள் ரகசியமாக எதையும் செய்யவில்லை. ஏலத்தில் கேட்டார்கள், பணம் கட்டினார்கள், இரசீது பெற்றார்கள். கபாடிக்காரர் கொடுப்பதைவிட ஒரு பங்கு கூடக் கொடுத்தார்கள் என்று குழுவினர் மகிழ்ந்திருக்கவும் கூடும். நாற்காலிகள் கப்பலேறின. பாரிசில் பிரம்பு புதிதாகப் பின்னப்பட்டது, மரம் மெருகேறியது. நியூயார்க்கிலும், பாரிசிலும், சிகாகோவிலும் அவை ஆயிரக்கணக்கான டாலருக்கு ஏலம் போயின. நகரின் வரைபடத்தைப் புடைப்பாக வார்த்த சண்டிகர்ச் சாக்கடைக் குழியின் இரும்பு மூடி கூட ஐரோப்பிய ஏலத்துக்கு வந்தது.

தூதரகங்கள் வழியே நம் அரசாங்கம் ஆட்சேபித்தபோது, எந்தச் சட்டத்தின்படி என்ற கேள்வி எழுந்தது. 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் மற்றும் கலைச் செல்வங்கள் சட்டத்தின்படி, தொல்பொருள் எனப்படுவதற்கு நூறு ஆண்டு நிறைந்திருக்க வேண்டும்; ஏட்டுச் சுவடிகளானால் எழுபத்தைந்து. 1956-இல் செய்த நாற்காலி 2056-இல்தான் அந்தப் பதவியை அடையும். கலைச் செல்வம் என அறிவிக்கும் வழி ஒன்று அதே சட்டத்தில் உண்டு. ரவி வர்மா, ரவீந்திரநாத் தாகூர், அமிர்தா ஷேர்கில் முதலான ஒன்பது கலைஞர்களின் படைப்புகள் அவ்வாறு அறிவிக்கப்பட்டுள்ளன. அவை நாட்டை விட்டுப் போகக்கூடாது. ஓவியத்துக்குக் கிடைத்த அந்தக் காப்பு குமாஸ்தாவின் நாற்காலிக்கு வேண்டும் என்று அன்று யாருக்குத் தோன்றியிருக்கும்? நாற்காலியை ஏலம் விட்ட அதிகாரிகளை எள்ளி நகையாடுவது எளிது. ஆனால் விதிகள் கேட்டவை வயது, தேய்மானம், எடை ஆகியவை மட்டுமே. வரைந்தவர் யார் என்ற கேள்விக்குப் படிவத்தில் கட்டம் கிடையாது. ஸ்ரீரங்கப்பட்டணத்தில் தங்கத்தை எடை போட்டவர்களும் தம் படிவத்தைச் சரியாகவே பூர்த்தி செய்தார்கள்.

2011-ஆம் ஆண்டு உள்துறை அமைச்சகம், சண்டிகரின் இத்தகைய பொருள்களை விற்கவோ ஏலம் விடவோ கூடாது என்று உத்தரவிட்டது. கணக்கெடுப்பு நடந்தது, 12,793 பொருள்கள் பட்டியலில் சேர்ந்தன. 2016-இல் தலைமைச் செயலகம், சட்டசபை, உயர் நீதிமன்றம் அமைந்த வளாகம் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னமாயிற்று. பட்டியலில் ஏறிய நாற்காலிகளுள் பல இன்னும் அலுவலகங்களிலேயே இருக்கின்றன.

அமி சீகல் என்னும் அமெரிக்கப் பெண்மணி இந்நாற்காலிகளைப் பற்றி ஒரு படம் எடுத்தார். செல்வந்தர் மாளிகையில் தொடங்கி, ஏலக்கூடம், மெருகேற்றும் பட்டறை, கப்பல் என்று பின்னோக்கிச் சென்று, சண்டிகரின் கொல்லைப் புறத்தில் முடியும் படம். 2013-ஆம் ஆண்டு அக்டோபரில் லண்டனில் அப்படத்தையே அவர் ஏலத்துக்கு விட்டார். அதுவும் விலை போயிற்று.

ஏலத்தில் நாற்காலி எடுக்கிறவர்கள் முதலில் தேடிப் பார்ப்பது அதன் முதுகில் உள்ள எழுத்துகளை. மெருகேற்றும்போது அவற்றை அழித்துவிட்டால் விலை இறங்கிவிடும். எந்த இலாகா, எந்த எண் என்பதே அது சண்டிகரிலிருந்து வந்தது என்பதற்குச் சாட்சி. சாமான் களவு போகாமல் இருப்பதற்காக ஏதோ ஓர் அலுவலக ஊழியர், ஒரு நண்பகலில், தகர அச்சை வைத்து வெள்ளை வண்ணத்தால் தீட்டிய எழுத்துகள் அவை. போலி நாற்காலிகளும் சந்தையில் பெருகிவிட்டமையால், அந்த வண்ணம் எவ்வளவு பழையது என்று உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்து ஆராய்கிறார்கள்.